சுரங்க ரயிலில் தொலைந்தவர்

மார்க் இராயப்பனுக்கு வழி தவறுகிறவர்களைக் கண்டால் பொறுமை இருக்காது. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் அவர் குடியிருந்த மெக்காலம் தெருவைச் சுற்றிலும், சுவரோவியங்களைத் தேடி வரும் சுற்றுலாப் பயணிகள் நாள் முழுக்க வழி தவறிக்கொண்டே இருப்பார்கள். கைப்பேசியை நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள், தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார்கள், கடைசியில் மார்க்கிடம் வந்து கேட்பார்கள். அவர் வழியைச் சரியாகத்தான் சொல்வார். ஆனால் அவர்கள் போன பிறகு மனைவி கிளாடிஸிடம், "புள்ளைங்கள வேற கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. ஒரு பிளானிங் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்.

திட்டமிடுவது அவருடைய தொழில். கடல் பாலத்தைத் தாண்டி, புக்கிட் தெங்காவில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் தீயும் விபத்தும் வராமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரி. சைரன் அடித்தால் யார் எந்தக் கதவு வழியாக வெளியேற வேண்டும், எங்கே வந்து நிற்க வேண்டும் என்று பல நூறு பேருக்குப் பழக்கியவர். ஒத்திகையின்போது யாராவது கைப்பையை எடுக்கத் திரும்பிப் போனால், "நீங்க இப்ப செத்துட்டீங்க" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூர் போக வேண்டும் என்றார்கள். மூத்தவள் ஷார்லினுக்குப் பதினொரு வயது. இளையவன் ஜோனத்தனுக்கு ஏழு. இரட்டைக் கோபுரத்தின் மேலோ மீன் காட்சியகத்தின் மேலோ அவர்களுக்கு ஆசை இல்லை. தரைக்கு அடியில் ஓடும் எம்ஆர்டி ரயிலில் ஏற வேண்டும். அதில் ஓட்டுநரே கிடையாது, முன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றால் சுரங்கம் முழுக்கத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"உலகத்துல இருக்கறவன் எல்லாம் பினாங்கைப் பாக்க வர்றான். நீங்க பொந்துக்குள்ள போற ரயிலப் பாக்கணும்கறீங்களேலா" என்றார் மார்க். ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட அன்றைக்கே ஒத்திகையும் தொடங்கிவிட்டது.

சாப்பாட்டு மேசை நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டு ரயில் ஆயின. தரையில் ஒட்டிய மஞ்சள் டேப் நடைமேடையின் கோடு.

"கோட்டுக்குப் பின்னால நிக்கணும். இறங்கறவங்க இறங்கின பிறகுதான் ஏறணும். டிட் டிட்னு சத்தம் கேட்டா?"

"ஏறக்கூடாது" என்றார்கள் பிள்ளைகள்.

"கதவு மூடி, ஒருத்தர் உள்ளயும் ஒருத்தர் வெளியிலயும் மாட்டிக்கிட்டா?"

"வெளியில இருக்கறவங்க நகரக்கூடாது. உள்ள இருக்கறவங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வரணும்."

"நகரக்கூடாதுன்னா?"

"ஒரு அடிகூட" என்றான் ஜோனத்தன். அவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. ஒருமுறை பாதிரியார் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னபோது, திருப்பலி முடிந்து வாசலுக்கு வரும்வரை அவன் கண்ணைத் திறக்கவில்லை.

சோபாவில் படுத்திருந்த கிளாடிஸ், "புள்ளைங்க கத்துக்கிட்டாங்க. போதும், நாற்காலிய எடுத்துப் போடுங்க" என்றாள்.

பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரிப் படகில் கடந்து, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர் போய், பிரிக்பீல்ட்ஸில் கிளாடிஸின் தங்கை வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலையில் பசியாறி முடித்ததும் கிளாடிஸ் தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க. நான் இன்னிக்கு நல்லாத் தூங்கணும்."

"நீ கவலையே படாத. எல்லாம் என் கன்ட்ரோல்ல இருக்கும்" என்றார் மார்க். அவர் தொழிற்சாலையின் மஞ்சள் டீசட்டையைப் போட்டிருந்தார். கூட்டத்தில் பிள்ளைகள் தன்னைத் தவற விடாமல் இருக்க அந்த நிறம்தான் சரி என்பது அவர் கணக்கு. ஷார்லின் பைக்குள் நாலு பன் ரொட்டிகளை வைத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாசலைத் தாண்டுமுன்பே கிளாடிஸ் கண்ணை மூடிவிட்டாள்.

முதல் ரயில் நன்றாகவே போனது. ஆனால் முன் கண்ணாடி கிடைக்கவில்லை. பெரிய முதுகுப்பைகளோடு வந்த ஒரு குடும்பம் அந்த இடத்தை மறித்து நின்றது. ஜோனத்தன் அவர்களுடைய முழங்கைகளுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தான். கொஞ்சம் இருட்டும் ஒரு பையின் வாரும்தான் தெரிந்தன.

"மாறி ஏறற ரயில்ல பிடிச்சிடலாம். அப்பா இருக்கேன்ல" என்றார் மார்க்.

மார்க்கின் திட்டப்படி இரட்டைக் கோபுரத்துக்குப் போக, துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் நிலையத்தில் இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்புறம் வரும் வேறொரு ரயிலுக்கு மாற வேண்டும். மார்க் பிள்ளைகளை நடைமேடையின் முன்முனைக்கு அழைத்துப் போய்க் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். படம் எடுக்கச் சொல்லித் தன் கைப்பேசியை ஷார்லினிடம் கொடுத்தார். அப்போது அதே முதுகுப்பைக் குடும்பம் பக்கத்துக் கதவு திறக்கும் இடத்துக்கு வந்து நின்றதைப் பார்த்தார்.

ரயில் வந்தது. கதவு திறந்தது. ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். மார்க் பக்கத்துக் கதவைப் பார்த்தார். முதுகுப்பைகள் அசைந்தன. அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை உரசிக்கொண்டு உள்ளே பாய்ந்து, முன் கண்ணாடியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து இடத்தைப் பிடித்துவிட்டார்.

"கெடச்சிருச்சி! ஓடியாங்க, ஓடியாங்க!"

இறங்குகிறவர்கள் எல்லாரும் இறங்கி முடிக்கும்வரை பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிறகு ஷார்லின் காலைத் தூக்கினாள். டிட் டிட் என்று சத்தம் கேட்டது. ஜோனத்தன் அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். இருவரும் நின்றார்கள்.

"ஏறுங்கலா! சீக்கிரம்!"

ஜோனத்தன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மார்க்கின் வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு ரயில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஓட்டுநர் இல்லாத ரயிலில் யாரிடம் நிறுத்தச் சொல்வது? அவசரப் பொத்தானை நோக்கிப் போன அவர் கையைப் பக்கத்தில் இருந்த முதியவர் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஸ்டேஷன் வந்துரும் தம்பி" என்றார். எதிரே விளக்குகளும் வளைவுகளுமாகச் சுரங்கம் விரிந்தது. பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டதை மார்க் தனியாகப் பார்த்தார். முதுகுப்பைக் குடும்பத்தின் சின்னப் பெண், "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கைப்பேசிக்காகப் பாக்கெட்டில் கைவிட்டபோதுதான் அது ஷார்லினிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பினார். அதுவரை எல்லாம் ஒத்திகைப்படிதான். நடைமேடையின் முனைக்கு ஓடினார். அங்கே பிள்ளைகள் இல்லை.

அந்த நிலையத்தில் நடைமேடைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தளங்களில் இருக்கின்றன. போகிற ரயிலுக்கு ஒரு தளம், வருகிற ரயிலுக்கு இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மார்க்குக்கு அது தெரியாது. காலியாகக் கிடந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மனம் சொன்னது. செய்தித்தாளில் படித்தவை எல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. "யேசுவே, யேசுவே" என்று முனகியபடி, நகரும் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். படிக்கட்டின் உச்சியில் தடுக்கி விழுந்தார். ஒரு முழங்கால் தோல் உரிந்தது.

இன்னொரு தளத்தில், நிலையப் பணியாளர் ரொஸ்னா பிள்ளைகளை எப்போதோ பார்த்துவிட்டிருந்தார்.

"தம்பி, தங்கச்சி, வழி தப்பிட்டீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

"நாங்க தப்பல, அக்கா" என்றாள் ஷார்லினும் மலாயில். "எங்க அப்பாதான் தப்பிட்டாரு."

"சரி, மேலே ஆபீசுக்கு வாங்க. உட்காந்து காத்திருக்கலாம்."

ஜோனத்தன் அசையவில்லை. "அப்பா நகரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

ரொஸ்னா கெஞ்சிப் பார்த்தார், குடிக்க மைலோ வாங்கித் தருவதாகச் சொன்னார். அவன் கால் இருந்த சதுரக் கல்லை விட்டு நகரவில்லை. கடைசியில் அவரும் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஷார்லின் கைப்பேசியில் அம்மாவின் எண்ணைத் தட்டி ரொஸ்னாவிடம் கொடுத்தாள். தூக்கத்திலிருந்து எழுந்த கிளாடிஸ் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவரு திரும்பி வந்துருவாரு, தங்கச்சி. கொஞ்சம் பதட்டப்படுவாரு, அவ்வளவுதான். புள்ளைங்க பையில பன் இருக்கு, சாப்பிடச் சொல்லுங்க. வந்ததும் எனக்கு ஒரு போன் அடிங்க" என்றாள். அன்றைக்கு அவளுக்கு மறுபடி தூக்கம் வரவில்லை.

மேலே நிலைய அலுவலக முகப்பில் இருந்த இளைஞன் முன் மார்க் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"என் புள்ளைங்களக் காணோம். ரெண்டு பேர்."

"என்ன சட்டை போட்டிருந்தாங்க, சார்?"

மார்க் வாயைத் திறந்தார். "பொண்ணு நீலம்... இல்ல, அது நேத்து. பையன்... பையன் சிவப்பா?" காலையில் தன் மஞ்சள் சட்டையைப் பற்றி அவ்வளவு யோசித்தவர், பிள்ளைகள் போட்டிருந்ததைப் பார்க்கவே இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சிருங்க, எனக்கு ஞாபகம் வரல."

இளைஞனின் வாக்கிடாக்கி கரகரத்தது. ரொஸ்னாவின் குரல். பிள்ளைகள் இருவர் தங்கள் தகப்பனைக் காணவில்லை என்கிறார்களாம். பெயர் மார்க். பினாங்குக்காரர். மஞ்சள் டீசட்டை, கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, முன் தலையில் வழுக்கை, கொஞ்சம் தொப்பை, வலது காதுக்குக் கீழே மச்சம். பதட்டமாக இருக்கலாம், தண்ணீர் கொடுங்கள் என்று மகள் சொல்கிறாள்.

இளைஞன் மார்க்கை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். தலையைச் சாய்த்துக் காதுக்குக் கீழேயும் பார்த்தான். பிறகு வாக்கிடாக்கியில், "கிடைச்சிட்டாரு" என்றான்.

"கிடைச்சிட்டாங்களா? புள்ளைங்க கிடைச்சிட்டாங்களா?"

"அவங்க எங்கயும் போகல, சார். நீங்கதான் கிடைச்சிருக்கீங்க."

கீழே இறங்கி வந்தபோது ஷார்லின் ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதுவரை பெரிய மனுஷி மாதிரிப் பேசிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் அழுதாள். ஜோனத்தன் அதே கல்லின் மேல், கையில் பாதி பன்னோடு நின்றிருந்தான்.

"அப்பா, இப்ப நகரலாமா?"

மார்க் சரி என்று தலையை ஆட்டினார். அவன் கல்லை விட்டு இறங்கி, அப்பாவின் முழங்காலில் ரத்தத்தைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டான். ரொஸ்னா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் கோபுரத்துக்குப் போகவில்லை. அடுத்து வந்த ரயிலில் முன் கண்ணாடி காலியாக இருந்தது. கடைசி நிலையம்வரை போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். மார்க் ஆளுக்கொரு கையாகப் பிள்ளைகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். ஷார்லின் சட்டை பச்சை, பூப்போட்டது. ஜோனத்தன் சட்டை சாம்பல், அதில் ஒரு திமிங்கலம். இரட்டைக் கோபுரம் அன்றைக்கு அவர்கள் தலைக்கு மேல் எங்கோ இருந்தது.

வீடு திரும்பும் வழியில், "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலத் தேநீரோடு கிளாடிஸ், "எப்படி இருந்துச்சி?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சி. ஒரு இடத்துல புள்ளைங்க கொஞ்சம் பின்தங்கிட்டாங்க. கூட்டம்ல. நான் உடனே நிலைமையப் புரிஞ்சிக்கிட்டு, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, ஸ்டாப்கிட்ட பேசி, கண்டுபிடிச்சிட்டேன். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல."

"முழங்கால்ல என்ன?"

"அது... படிக்கட்டு."

கிளாடிஸ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். தேநீரைக் குடித்து முடித்தாள். பிறகு, "அந்த ரொஸ்னா ரொம்ப நல்ல பொண்ணு" என்றாள். "ரெண்டு தடவ போன் அடிச்சா. ரெண்டாவது தடவ, அவரு ரொம்பப் பயந்துட்டாரு அக்கா, நீங்க திட்டாதீங்கன்னு சொன்னா."

மார்க் கோப்பையைக் கீழே வைத்தார். "புள்ளைங்க சட்ட என்ன கலர்னு கேட்டப்ப எனக்குத் தெரியல, கிளாடிஸ்" என்றார். மற்றதற்காக அவள் திட்டியிருப்பாளோ என்னவோ, அதைச் சொன்ன விதத்தைக் கேட்டதும் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் திட்டவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராலும் முடியவில்லை.

அந்தச் சிரிப்பு பாலத்தைத் தாண்டித் தீவுக்கும் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து கோயில் வளாகத்தில் நிற்கும்போது, பாடகர் குழுவின் பெரியவர் மார்க்கின் தோளைத் தட்டி, "என்ன தம்பி, தனியாத்தான் வந்தியா, இல்ல புள்ளைங்க கூட்டிக்கிட்டு வந்தாங்களா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கதையைப் பரப்பியது தங்கை வீட்டுக்காரரா, கிளாடிஸேதானா என்று மார்க் விசாரிக்கவில்லை.

பேச்சை மாற்ற நினைத்த ஒருவர், "நம்ம பினாங்குலயும் ரயிலுக்குத் தூண் நடறாங்களே. எப்பதான் ஓடுமோ?" என்றார்.

"அதுக்கு இன்னும் வருஷக்கணக்காகும்லா" என்றார் மார்க்.

ஜோனத்தன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கிண்டல் அறியாத பிள்ளை.

"பரவால்ல, அப்பா" என்றான். "அதுக்குள்ள நீங்க கத்துக்கலாம்."