வெள்ளைச் செபமாலை

பெட்டிக்குள் கிடந்த தகப்பனின் விரல்களிலிருந்து வெள்ளைச் செபமாலையை எடித் கழற்றத் தொடங்கியதும், மாமி பிரான்சிஸ்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி செய்யிறாய்? சாமியார் வாற நேரம்!"

"வெள்ளைச் சட்டையில வெள்ளை மாலை. அப்பாவின்ர கண்ணுக்குத் தெரியாது மாமி."

"செத்த மனிசனுக்கு என்னத்தைத் தெரியப்போகுது?"

எடித் தன் கழுத்திலிருந்த கறுப்பு மாலையைக் கழற்றினாள். அந்த வீட்டில் செத்தவர்களுக்கு வெள்ளை மாலைதான் வழக்கம். வழக்கம் கிடக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

கதிரையில் இருந்த வள்ள முதலாளி, சம்மாட்டி, பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சந்தியோகு நல்ல தொழிலாளி. குடிதான் கெடுத்துப்போட்டுது."

மூன்று வருடத்துக்கு முன் எடித்தின் தகப்பன் சந்தியோகுவைத் தன் வள்ளத்து வேலையிலிருந்து இறக்கிவிட்டவர் அவர்தான். வெள்ளை நுரைக்குள் வலையின் வெள்ளை மிதப்பு தெரியாமல், சந்தியோகு வள்ளத்தை அதன் மேலேயே விட்டிருந்தார். கையும் நடுங்கியது. அதன்பிறகு பேசாலை ஊர் முழுக்க அவருக்குக் குடிகாரன் என்ற பெயர்.

எடித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா ஒரு சொட்டும் குடிக்கேல்லை, சம்மாட்டி. அது நடுக்க வருத்தம், ஒரு நோய். மூளையில டோபமைன் எண்ட சாமான் குறைஞ்சுதான் கை நடுங்கினது. அது கண்ணுக்குள்ளையும் இருக்காம். உள்திரையில ஒரு கலம் மற்றக் கலத்துக்குச் சேதி சொல்ல அது வேணுமாம். குறைஞ்சாலும் கண்ணுக்குள்ள வெளிச்சம் வரும். ஆனா எது எங்க முடியுது, எது எங்க துவங்குது எண்ட சேதி மங்கிப்போகும், வெள்ளைக்கு மேல வெள்ளை தெரியாது. டொக்டரம்மா படம் கீறிக் காட்டினவ."

"பிள்ளை, செத்த வீட்டில போய்..."

"செத்த வீட்டிலதானே நீங்களும் சொன்னனீங்கள்!"

எடித் பெட்டிப்பக்கம் திரும்பினாள்.

"நானும் அவரை ஏசினனான். வெள்ளைப் பீங்கானில சோறு போட்டுக் குடுப்பன். பாதி மிச்சம் கிடக்கும். திமிரெண்டு பேசினனான். அவருக்குச் சோறு தெரியேல்லை. நீலப் பீங்கானில போட்ட அண்டைக்கு வழிச்சுச் சாப்பிட்டார்."

வெள்ளை மாலையை உருவிவிட்டு, கறுப்பு மாலையைத் தகப்பனின் விரல்களுக்குள் சுற்றினாள். மாமி இம்முறை தடுக்கவில்லை. விறைத்திருந்த பெருவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொடுத்தாள்.

சாமியார் வந்து செபம் முடிந்தது. பெட்டியை மூடுமுன் ஆளுக்கொரு பூ வைத்தார்கள். சம்மாட்டி தட்டிலிருந்து ஒரு மல்லிகையை எடுத்தார். சந்தியோகுவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு மல்லிகையைத் தட்டிலேயே போட்டுவிட்டு வேலிப்பக்கம் நடந்தார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சிவப்புச் செவ்வரத்தம்பூ இருந்தது.