பிளம்பரின் ரத்தக்குழாய்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ரத்தக்குழாய் ஏன் தடித்து இறுகுகிறது என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு கட்டுரை வேண்டும் என்றார் பத்திரிகை ஆசிரியர். எனக்கே புரியவில்லை. சரி, உவமை ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று தொடங்கினேன்:

'ரத்தக்குழாய் நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் போன்றது. நாள்பட நாள்பட அதன் உள்ளே—'

(விட்டுவிட்டேன். சப்பென்று இருந்தது. ஓர் ஆள் வேண்டும்.)

அப்படி வந்தவர்தான் பிளம்பர். மாடி ஏறினால் அவருக்கு நெஞ்சு இறுக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். டாக்டர் மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் படம் எடுக்கச் சொல்வார். இவர் போவார். கட்டுரை முடியும்.

2

மனிதர் போகவில்லை.

டாக்டர் என் உவமையைச் சொன்னதுமே* பிளம்பரின் முகம் மலர்ந்துவிட்டது. "குழாய் சமாச்சாரமா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா!"

வீட்டுக்கு வந்து மனைவிக்குப் பாடம் எடுத்தார். "பழைய லைன்ல தண்ணி கொஞ்சமாச்சும் வருதுன்னா கையே வைக்கக்கூடாது. கம்பிய விட்டுக் குடைஞ்சா, படிஞ்சது பேந்து போயி அடுத்த வளைவுல அடைக்கும். இல்ல, குழாயே விண்டுரும். எத்தன வீட்ல பாத்திருக்கேன்!"

மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டால் துரு கரையுமா என்று கேட்கிறார்.

(*எல்லா டாக்டர்களும் இப்படிப் பேசுவதில்லை. இவர் நான் உண்டாக்கிய டாக்டர். என் அவசரம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது.)

3

இப்போது முழிப்பது நான். அவர் தொழிலில் அவர் சொல்வது சரிதான். அப்புறம் எங்கே தப்பு?

மறுபடியும் படித்தேன். கொழுப்பு சும்மா உள்ளே வந்து படிவதில்லையாம். குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து, அங்கே புண்ணாகி, தடித்து, வழியைக் குறுக்குகிறதாம். புண் வெடித்தால் ரத்தம் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அது வெடிக்காமல் காக்கத்தான் மாத்திரை. இரும்புக்குப் புண் வருமா? ரத்தக்குழாய்ச் சுவருக்கு உயிர் இருக்கிறது. ஆகவே அது [உயிர் இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் இந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன்]

உவமையை அடித்துவிட்டேன். என்ன பிரயோஜனம்? அது அவர் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

4

முடிவு அ: வலி வந்து விழுகிறார், புத்தி வருகிறது. (பாடம் சொல்வதற்காக ஒரு மனிதனைச் சாய்ப்பதா? சீ!)

முடிவு ஆ: டாக்டர் வேறொரு உவமை சொல்கிறார். (ஐயோ, வேண்டவே வேண்டாம்.)

முடிவு இ: ஆஸ்பத்திரிக்குப் போக மனைவி வாசலுக்கு வண்டியை வரவழைத்துவிடுகிறாள்.

"குழாயாவது மண்ணாங்கட்டியாவது! நேத்து படியில நெஞ்சப் புடிச்சிக்கிட்டு என் தோள்ல சாஞ்சீங்களே, ஒங்க கை ஜில்லுனு இருந்துச்சு. எனக்கு பயமா இருக்குங்க. கெளம்புங்க."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் பயமில்லையா? குடையும்போது விண்டுருச்சுன்னா நீ என்னடி பண்ணுவ?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இத்தனை நாள் பேசிய பேச்சு முழுக்க இந்தப் பயம்தானா?

5

மனைவி என் பக்கம் திரும்பினாள். "எழுதுறவரே, குழாய்க் கதைய ஆரம்பிச்சது நீங்கதானே? இவர நீங்களே வண்டியில ஏத்துங்க."

'பிளம்பர் எழுந்து வண்டியை நோக்கி—'

எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். என் பேச்சை இனி அவர் நம்பமாட்டார். இதைப் படிக்கிற நீங்கள் அவரிடம் எந்த உவமையும் சொன்னதில்லை. "அண்ணே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பயப்படாதீங்க என்று மட்டும் சொல்லாதீர்கள், கோபம் வரும். நானும் கூட வர்றேன் என்று சொல்லிப் பாருங்கள்.