மாதா விளக்குக்குப் பழைய பேட்டரியா?

திண்டிவனத்துப் பேட்டரிக் கடை ஷமீம் தன் படகிலேயே ஏறி நின்றுகொண்டு தன்னையே எதிர்த்துப் பேசுவாள் என்று ராயப்பன் கனவிலும் நினைக்கவில்லை. புருஷன் துபாயில் இருக்க, கடையையும் வயரிங் வேலையையும் ஒண்டி ஆளாகப் பார்ப்பவள். மரக்காணம் பக்கத்து மீனவர்கள் கைராசிக்காரி என்று சொன்னதால்தான் கூப்பிட்டிருந்தான். வாய் இவ்வளவு நீளம் என்று ஒரு பயல் சொல்லவில்லை.

படகில் இரண்டு பேட்டரி. இன்ஜினை ஸ்டார்ட் செய்வது போன மாதம் வாங்கிய புதுசு. விளக்குகளுக்கானது மூன்று வருஷத்துப் பழசு. இப்போது மீன் காட்டும் கருவி, ஜிபிஎஸ், படகின் முன்முனையான அணியத்தில் மாதா சொரூபத்தைச் சுற்றி நீல சீரியல் விளக்கு என்று மூன்று சாமான் சேர்ந்திருந்தன. கடலில் இருக்கும்வரை மாதா விளக்கை அணைப்பதில்லை என்பது அவன் மனைவி ஜெசிந்தாவின் நேர்ச்சை.

"மாதாவுக்குப் போயி பழசுலயா கரண்ட் குடுப்பாங்க? புதுசுல குடும்மா. பழசு எப்ப மண்டையப் போடும்னே தெரியாது."

"அதுக்குத்தாண்ணா சொல்றேன். அது போனா விளக்கோட போவட்டும். உங்க இன்ஜின கையால சுத்தி கௌப்ப வழியே இல்ல, சாவிதான். புது பேட்டரில ஒரு வயரு கூட மாட்ட மாட்டேன்."

"மாதா கோச்சிக்கினா?"

"எங்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்."

மச்சான் அலெக்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டான். ராயப்பனுக்குச் சுருக்கென்று ஏறியது. ஆனால் வயரிங் தெரியாதவன் என்ன செய்வான்? மூன்றையும் பழசிலேயே மாட்டிவிட்டுப் போனாள். வேறு ஆளை வைத்து மாற்றிவிடுவது என்று நினைத்திருந்தான். நல்ல மீன்பாடு, நேரம் வாய்க்கவில்லை.

நாலாம் நாள் அலெக்ஸும் வலை இழுக்கும் கூட்டாளி சவுரிராயனும் கூட வர, விடிகாலையில் வலையை விட்டு இன்ஜினை அணைத்துக் காத்திருந்தார்கள். பொழுது ஏறியும் மீன் காட்டும் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. பத்து மணிவாக்கில் தெற்கே வானம் கருத்தது. அவசர அவசரமாக வலையை இழுத்துப் போட்டார்கள். அதற்குள் கருவி அணைந்தது, ஜிபிஎஸ் அணைந்தது, மாதா விளக்கும் அணைந்தது. காற்று படகைக் குறுக்கே திருப்பி, அலை உள்ளே வந்து விழுந்தது. இன்னும் நாலு அலை விழுந்தால் கவிழ்ந்துவிடும். போனில் சிக்னல் இல்லை.

"போச்சு மாமா, எல்லாம் செத்துப்போச்சு" என்றான் அலெக்ஸ்.

ராயப்பன் சாவியைப் பிடித்தான். திருப்பினான். ஒரே திருப்பில் இன்ஜின் உறுமியது. அணியத்தை அலைக்கு நேரே திருப்பியபோது அவன் வாயில் முதலில் வந்தது மாதா பெயர் இல்லை. "ஷமீமு, நீ நல்லா இருக்கணும்மா" என்று கத்தினான். மாதாவைப் பிறகுதான் கூப்பிட்டான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெரிய வஞ்சிரம் ஒன்றோடு திண்டிவனம் போய் இறங்கினான். நன்றி சொல்ல வழிநெடுக யோசித்து வைத்ததெல்லாம் கடை வாசலில் மறந்துபோனது.

ஷமீம் பையைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, எதுக்கு இதெல்லாம்? பழைய பேட்டரி மாத்தணுமா?" என்றாள்.

"மாத்தணும்தாம்மா. அது மெதுவா ஆவட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நேத்து ராத்திரி நாங்க மூணு பேரும் அவங்கவங்க வூட்ல ஒக்காந்து சோறு துன்னோம். அத உங்கிட்ட சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."