வியாழக்கிழமை இரண்டு மணி நேரம்

ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு 'ஏழு கோட்டை' மூடப்படும். இரண்டு மணிக்குத் திறக்கப்படும். போலந்திலும் ருமேனியாவிலும் துருக்கியிலும் உட்கார்ந்து அந்த இணைய விளையாட்டை ஆடுகிற லட்சத்துச் சொச்சம் பேருக்கும் இது பழகிப்போன விஷயம். "வாராந்திரப் பராமரிப்பு நடைபெறுகிறது. பொறுத்தருளவும்" என்று திரையில் ஒரு பலகை தொங்கும். அந்த நேரத்தில் விளையாட்டை நடத்துகிற பதினெட்டுப் பேரும் நீஷ் நகரத்து அலுவலகத்தின் மொட்டைமாடியில் கரியடுப்பு மூட்டி, கொத்துக்கறி சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆரம்பத்தில் பராமரிப்பு நிஜமாகவே நடந்தது. பழைய சர்வர்கள் நோயாளிகள் மாதிரி. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் படுக்கப்போட்டு வைத்தியம் பார்த்தால்தான் எழுந்து நடக்கும். வைத்தியர் ரதோமிர். அவர் கீழே மல்லாடும்போது மற்றவர்களுக்கு வேலை இல்லை. சும்மா இருப்பானேன் என்று அடுப்பை மூட்டினார்கள். நெவெங்காவும் இன்னும் நாலைந்து பேரும் புதனும் வெள்ளியும் விரதம். வியாழன் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் புது இயந்திரங்கள் வந்தன. முதல் வியாழக்கிழமை ரதோமிரின் வேலை நான்கே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் மாடியேறிப் போனார். அடுப்பில் கறி பாதி வெந்திருந்தது. வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற நெவெங்கா அவர் கையில் ஒரு தட்டைத் திணித்து, "சாப்பிட்டுட்டு சொல்லுங்க ரதோ" என்றாள். அவர் சாப்பிட்டார், சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. முழுப் பூசணிக்காயை இப்படிச் சோற்றில் மறைத்து எட்டு வருஷம் காப்பாற்றியது உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

ரதோமிருக்கு நாற்பத்தொன்பது வயது. மனைவி பிரிந்து போய்விட்டாள். மகள் ஸ்வீடனில் வேலையாக இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் முன்னால் நின்றபடியே எதையாவது தின்றுவிட்டுப் படுப்பவர். வியாழக்கிழமை ஒரு நாள்தான் நாலு பேரோடு உட்கார்ந்து, கிண்டலும் கேலியுமாக ஒரு சாப்பாடு. புதன் சாயங்காலமே கறியைப் பிசைந்து உப்புப் போட்டு வைப்பது அவர் பொறுப்பு. அந்த இரண்டு மணி நேரம் போய்விட்டால் தனக்கு வாரம் என்ற ஒன்றே இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் வியன்னாவிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் இந்த விளையாட்டு ஸ்டூடியோவை வாங்க வந்தது. அதைத் தொடங்கிய வெலிமிர், எல்லாருக்கும் வெல்யா, பதினேழு வருஷம் முதலாளியாக இருந்து அலுத்துவிட்டார்; பழையபடி கோட்டைகளையும் அரக்கர்களையும் வரைந்துகொண்டு கிடந்தால் போதும் என்றிருந்தது. வந்த நிபந்தனைகளும் மோசமில்லை. யாரையும் அனுப்பமாட்டார்கள், அலுவலகம் நீஷிலேயே இருக்கும். எல்லாருக்கும் திருப்திதான். ஒப்பந்தம் வெளியே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சரிபார்க்க வியன்னாக்காரர்கள் அனுப்பிய மெட்காவை மட்டும்தான் பார்த்து பயந்தார்கள். லுப்லியானாக்காரி. ஒன்பது மணி என்றால் எட்டு ஐம்பத்தெட்டுக்கு வாசலில் நிற்பாள். இரண்டு வாரமாக ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ரதோமிர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்க பிரிவைப் பத்தி எழுதிக் குடுத்ததெல்லாம் உண்மைன்னு வெள்ளிக்கிழமை நீங்க கையெழுத்துப் போடணும். பொய்னு தெரிஞ்சா நீங்கதான் பொறுப்பு. இந்த வியாழக்கிழமைப் பராமரிப்பு... ரெண்டு மணி நேரம் என்ன செய்றீங்க?"

ரதோமிர் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். "அது... பல வேலை இருக்கு."

"நல்லது. நாளன்னிக்கு கூடவே உக்காந்து பாக்கறேன்."

அவள் அந்தப் பக்கம் போனதும் இவர் வெல்யா அறைக்கு ஓடினார்.

"டேய், குடி முழுகிப்போச்சு. அவ வியாழக்கிழமை பக்கத்துல உக்காரப்போறாளாம்."

வெல்யா கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப இந்த வாரம் மூடாத. புது வழி கண்டுபிடிச்சுட்டோம், இனிமே மூடவே வேணாம்னு சொல்லிடு. அவளும் சந்தோஷப்படுவா."

"சாப்பாடு?"

"ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம்டா."

"ஞாயித்துக்கிழமை எவன்டா ஆபீஸுக்கு வருவான்? உன் மாமியார் வருவாளா?"

"ரதோ, பதினெட்டு குடும்பம்டா. ரெண்டு துண்டு கறிக்காக ஒப்பந்தத்தைக் கெடுக்காத."

ரதோமிர் தலையாட்டிவிட்டு வந்தார். ஆனாலும் புதன்கிழமை சாயங்காலம் கை சும்மா இருக்கவில்லை. ஆறு கிலோ கறியைப் பிசைந்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். தன்மேலேயே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டு அடித்தது. கோட்டை மூடவில்லை. திரைக்கு முன்னால் ரதோமிருக்கு ஒரு பக்கம் மெட்காவும் மறுபக்கம் வெல்யாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாருங்க மேடம், ஒரு நொடிகூட நிறுத்தலை" என்றார் வெல்யா பெருமையாக.

மெட்கா திரையைக் கூர்ந்து பார்த்தாள். "எத்தனை பேர் உள்ள இருக்காங்க?"

"பதினோராயிரம்" என்றார் ரதோமிர்.

"ஏன் யாரும் விளையாடலை?"

அப்போதுதான் அவரும் கவனித்தார். ஒருவரும் சண்டை போடவில்லை, புதையல் தேடவில்லை. விளையாட்டுக்குள் இருக்கிற சந்தைத் திடலில் பதினோராயிரம் வீரர்களும் தோளோடு தோள் ஒட்டி, வாளை உறையில் போட்டுக்கொண்டு சும்மா நின்றிருந்தார்கள். வாராவாரம் மூடுவதற்கு முன்னால் இப்படிக் கூடி, ஒருவருக்கொருவர் கையசைத்துவிட்டு ஒன்றாகப் போவது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. ஸ்டூடியோவில் ஒருவருக்கும் இது தெரியாது. மூடும் நேரத்தை முன்கூட்டியே பதிந்துவிட்டு, கால்மணி நேரத்துக்கு முன்பே மாடியேறிவிடுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டேகாலுக்கு நெவெங்கா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "கடிதம் கொட்டுது! ஏன் மூடலைன்னு கேக்கறாங்க. இந்தப் போலந்துக்காரரைப் பாருங்க: 'என் மனைவி சாப்பாட்டை எடுத்து வச்சுட்டா, நீங்க மூடினாத்தானே நான் எழுந்து போகமுடியும்.' புக்கரெஸ்ட்ல ஒருத்தி கேக்கறா: 'என்ன ஆச்சு, உங்கள யாராவது விலைக்கு வாங்கிட்டாங்களா?'"

வெல்யாவின் முகம் வெளுத்தது. இரண்டு மாதம் பொத்திப்பொத்தி வைத்த ரகசியத்தை எவளோ ஒருத்தி கால்மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"திரும்பக் கேக்கறேன் ரதோமிர்" என்றாள் மெட்கா. "அந்த ரெண்டு மணி நேரத்துல என்ன செய்வீங்க?"

வெல்யா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். ரதோமிர் காலை இழுத்துக்கொண்டார். பயம் போகவில்லை, ஆனால் பொய்யை இன்னும் ஒரு வாரம் சுமக்கத் தெம்பில்லை. அந்தச் சாப்பாடு போவதென்றால், அதைப் பற்றி ஒருமுறையாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

"கறி சுட்டுச் சாப்பிடுவோம். பராமரிப்பு நாலு நிமிஷ வேலை. எட்டு வருஷமா அப்படித்தான். வெல்யாவைக் குத்தம் சொல்லாதீங்க, முதல் நாள் சொல்லாம விட்டது நான். எனக்கு அந்தச் சாப்பாடு வேணும், அதான் சொல்லலை."

மெட்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நாலு நிமிஷம்னு பதிவுலயே இருக்கு. முதல் வாரமே பாத்துட்டேன். மிச்ச நூத்திப் பதினாறு நிமிஷத்துக்கு என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்."

"வேற ஏதாவது சொல்லியிருந்தா?"

"இதுல பொய்யின்னா மத்ததுலயும் இருக்கும்னு முதல்லேர்ந்து தேடியிருப்பேன். இன்னும் ரெண்டு மாசம் இங்கயே உக்காந்திருப்பேன்."

"கடவுளே" என்றாள் நெவெங்கா தன்னை மீறி.

மெட்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ளது உள்ளபடி வியன்னாவுக்கு எழுதுவேன். முடிவு அவங்களோடது. இப்ப மூடுங்க, பாவம், அந்த மனுஷனோட சாப்பாடு ஆறிடும்."

ரதோமிர் மூடினார். திடலில் நின்ற பதினோராயிரம் பேரும் கையசைத்தார்கள். அவரும் திரையைப் பார்த்துக் கையசைத்தார். பிறகு அடுப்பு மூட்டினார்கள். மெட்கா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள், குடைமிளகாய்த் துவையலில் காரம் பத்தவில்லை என்று குறையும் சொன்னாள். மறுநாள் காலை ரதோமிர், நாலு நிமிஷத்தையும் கறியையும் சேர்த்து எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஸ்டூடியோவை வாங்குகிறார்கள். பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் பத்து வருஷத்துக்கு மேல் இங்கேயே இருப்பதை வியன்னா கவனித்திருந்தது. மற்ற இடங்களில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, இங்கே மட்டும் ஏன் அப்படி என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டதாம். இரண்டு மணி நேரம் தொடரலாம். ஒரே ஒரு நிபந்தனை: வாங்கிய நாளிலிருந்து பலகையில் பொய் இருக்கக்கூடாது.

"செத்தோம்" என்றார் வெல்யா. "எட்டு வருஷம் ஏமாத்தினோம்னு தெரிஞ்சா ஒருத்தன் பாக்கி இல்லாம போயிடுவான்."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன முழம் என்ன" என்றார் ரதோமிர். ஆனால் அடுத்த வியாழக்கிழமை எழுத உட்கார்ந்தபோது அவருக்கும் வியர்த்தது. கூட்டம் கலைந்தால் ஸ்டூடியோ ஏது, சாப்பாடு ஏது? மூன்று முறை அடித்துத் திருத்தி, கடைசியில் இப்படி எழுதினார்:

"பராமரிப்பு நான்கு நிமிஷம்தான். மீதி நேரம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். எட்டு வருஷமாக இதைச் சொல்லவில்லை. மன்னிக்கவும். இரண்டு மணிக்குத் திறப்போம்."

பலகை தொங்கியது. அன்று யாரும் உடனே மாடிக்குப் போகவில்லை. நெவெங்காவின் மேசையைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றார்கள். முதல் கடிதம் போலந்தின் வூட்ஜ் நகரத்திலிருந்து வந்தது. நெவெங்கா உரக்கப் படித்தாள்:

"'இது எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும். மத்த நாள்ல எது கேட்டாலும் விதிமுறைப்படி முடியாதுன்னு எழுதறீங்க. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு மேல எது கேட்டாலும் குடுத்துடறீங்க. அதனால நாங்க எல்லாக் கோரிக்கையையும் வியாழக்கிழமைக்குன்னு சேத்து வச்சுக்கறோம். தயவுசெஞ்சு நல்லா வயிறாரச் சாப்பிடுங்க.'"

நெவெங்காவின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. வெல்யா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரதோமிர் இரண்டு கையாலும் எல்லாரையும் மாடிப்படி பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"நடங்க, நடங்க. ரெண்டு மணிக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும். ஜனங்க காத்திருக்காங்க."