மேனேஜர் மேசைக்கு ஜின்னியா

மேனேஜரைக் காக்கா பிடிக்கத்தான் அவள் ஜின்னியா பூச்செடி போட்டாள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. உலகமே யாரையாவது காக்கா பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இவள் கொஞ்சம் அழகாகப் பிடித்தாள், அவ்வளவுதான்.

அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ஃபைல் அக்கா. எந்த ஃபைல் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். புருஷனுக்கு எட்டு மணி நேர ரயில் தூரத்தில் கிரேன் ஓட்டும் வேலை. ஐந்து வயது மகளுக்கு அப்பா என்றால் செல்போனுக்குள் இருக்கும் முகம். நேரில் வந்தால் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவன் இருக்கும் ஊரிலும் இதே கம்பெனிக்குக் கிளை இருந்தது. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். ‘ஆள் பற்றாக்குறை, விடுவிக்க இயலாது’ என்று மேனேஜர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கேஷியர்தான் யோசனை சொன்னார். “சாருக்குப் பூன்னா உசிரு. அந்த பிளாஸ்டிக் ரோஜாவையே வாராவாரம் கழுவி வைக்கிறாரே, பாத்தியா? நெஜப் பூவா நாலு கொண்டு வந்து வை. அடுத்த வருஷம் தானா மனசு எளகும்.”

அவள் குடியிருந்த வீட்டின் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் இருந்தது. உயரமாக வளரும் ரகமாகக் கேட்டு வாங்கி, மண்ணிலேயே நேராக விதைத்தாள். நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் இந்தச் செடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்று விதைக்கடைக்காரர் சொல்லியிருந்தார். மாற்றலே பிடிக்காத ஒரு ஜீவனும் இருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு சாண் வளர்ந்ததும், பக்கக் கிளை வெடிக்கட்டும் என்று நுனியைக் கிள்ளிவிட்டாள். இலை நனைந்தால் மாவு தூவினாற்போல நோய் வரும் என்பதால் காலையில் வேரில் மட்டும் தண்ணீர் விட்டாள். சாயாமல் இருக்கக் குச்சி நட்டுக் கயிறு கட்டினாள். இரண்டே மாதத்தில் இடுப்புயரத்துக்கு வந்து, கருஞ்சிவப்பும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகக் கை அகலத்துக்குப் பூத்துத் தள்ளியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்த வரிசை விதைத்துப் பூவுக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தோறும் கழுத்து வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பூக்களை நிறுத்தி, பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போவாள். முதல் நாளே மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் ரோஜா குப்பைத்தொட்டிக்குப் போனது. கேஷியர் தூரத்திலிருந்து கண்ணடித்தார்.

வருஷம் திரும்பியதும் மறுபடி எழுதிக் கொடுத்தாள். இந்த முறை வீடு பார்க்கக்கூடப் புருஷனிடம் சொல்லிவிட்டாள். மகளிடமும் சொல்லிவிட்டாள். அதைத்தான் செய்திருக்கக் கூடாது.

வந்த பதில், ‘விடுவிக்க இயலாது.’

அதே வாரத்தில் பக்கத்து சீட் தூங்குமூஞ்சிக்கு, கேட்ட ஊருக்கே மாற்றல் கிடைத்தது. ஃபைலைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற பிரகிருதி அவன். வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா. “மேசைக்கு உங்க பூதான்மா” என்று மேனேஜர் உரிமையோடு சொல்லி அனுப்பினார்.

வயிறெரிந்துகொண்டுதான் வெட்டப் போனாள். ஜின்னியாவை வெட்டுமுன் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கழுத்து விறைப்பாக நின்றால் வெட்டலாம். தொளதொளவென்று ஆடினால் மத்தியானத்துக்குள் தலை தொங்கிவிடும். தொங்கட்டும், எல்லார் முன்னாலும் தொங்கட்டும் என்று ஆடுகிற பூவாகவே தேடினாள். ஆனால் கை கேட்கவில்லை. மட்டமான பூவைத் தன் பூ என்று கொண்டுபோய் வைக்க மனசு வரவில்லை. இருந்ததிலேயே நல்லதாக இருபது பூவை வெட்டினாள்.

விழாவில் தூங்குமூஞ்சியைப் பற்றிப் பேச மேனேஜருக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் விஷயமில்லை. பார்வை பூ ஜாடிக்குப் போனது.

“தம்பி போறது எனக்கு வருத்தம்தான். ஆனா தாங்கிக்குவேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். “நம்ம ஃபைல் அக்காவும்தான் மாற்றல் கேட்டாங்க. போன வருஷம் ஆள் இல்லைன்னேன். இந்த வருஷம் ஆள் இருக்கு. ஆனா எப்படிங்க விடுவேன்? காலைல இந்தப் பூவைப் பாத்தாதான் எனக்கு வேலையே ஓடுது!”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கேஷியர் தலையைக் குனிந்துகொண்டார். அவளும் சிரித்தாள், எல்லாரும் அவளைத்தானே பார்த்தார்கள். விதை வாங்கி, தண்ணீர் ஊற்றி, பஸ்ஸில் சுமந்து வந்து, சொந்தச் செலவில் தனக்கே சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் புருஷன் போன் பண்ணினான். “ஏன் விடலையாம்?”

“வேலை அதிகமாம்” என்றாள். பூ என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஒரு செடி பாக்கியில்லாமல் வேரோடு பிடுங்கி மதிலோரம் குவித்தாள். ஏன்மா பிடுங்குறே என்று கேட்ட மகளுக்கு, எந்தத் தப்பும் செய்யாத குழந்தைக்கு, முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அதற்கும் சேர்த்து அழுதாள்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு போய் நின்றாள். மேனேஜர் ஜாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“செடியெல்லாம் போச்சு சார்.”

“அடடா, நோய் விழுந்துடுச்சா?” அவருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “பரவாயில்லம்மா, கவலைப்படாதீங்க. மறுபடி மெதுவா போடுங்க. என்ன அவசரம்? நீங்க எங்க போகப்போறீங்க?”