கரி பிடிக்காத விளக்கு

ராஜராஜனின் தலைமாட்டில் ஏற்றிய விளக்கு மூன்றாவது தடவையும் அணைந்தது. ஆடிக் காற்று பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. தீப்பெட்டியோடு குனிந்திருந்த அமிர்தலிங்கத்துக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரத்தநாட்டு ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துத் தைத்துக் கொடுத்ததிலிருந்து அவர் பார்க்கவேயில்லை.

"இது சரிப்படாதுங்க," என்றார் எதிர்வீட்டு ஜெகபர் அலி. "உங்க அலமாரியில சொரங்கத்து வெளக்கு வரிசையா நிக்குதே. எந்தக் காத்துக்கும் அணையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? ஒண்ணை எடுத்தாங்க."

நல்ல மனசோடு சொன்னதுதான். அமிர்தலிங்கம் மெல்ல எழுந்து வீட்டுக்குள் அலமாரி இருந்த அறைக்குப் போனார்.

அலமாரியில் பதினொரு விளக்குகள், எல்லாம் நூறு வயசுப் பித்தளை. ஜாரியா நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் தேடித் தேடிச் சேர்த்தவை. முப்பது வருஷம் இப்படி ஒரு விளக்கை முன்னால் நீட்டி, சுடர் சுருங்கவில்லை, உள்ளே கெட்ட காற்று இல்லை என்று பார்த்த பிறகே ஆட்களை உள்ளே விட்டவர். ஓர் ஆளைக்கூடப் பறிகொடுத்ததில்லை என்று பெருமை வேறு.

நேற்றுக் காலை தம்பி மனைவி தங்கமணி இந்த அறை வாசலில்தான் வந்து நின்றாள்.

"மாமா, வயல்ல மோட்டார் குழி ஆறு மாசமா மூடியே கெடக்கு. கயித்துல கட்டி எறக்கிப் பாக்க ஒரு வெளக்கு வேணுமாம். அவங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"இப்பத்தாம்மா தொடைச்சு வச்சேன். ஞாயித்துக்கெழமை சென்னையிலேருந்து பழம்பொருள் சேக்குறவங்க பாக்க வர்றாங்க. கரி புடிச்சா மதிப்பே போயிடும். இருவது அடிக் குழிக்கு இதெல்லாம் எதுக்கு?"

அரை மணி நேரத்தில் ராஜராஜனைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். விஷவாயு என்றார்கள். அவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கைக்கு வந்த விளக்கின் அடிப்பாகத்தைத் திருகி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றினார். கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கமணி அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நீங்க தரலைன்னு நான் அவங்ககிட்ட சொல்லல மாமா. அண்ணன் தம்பிக்குள்ள மனஸ்தாபம் வேணாம்னு, நீங்க தூங்குறீங்கன்னுட்டேன்."

அவர் விளக்கின் அடிப்பாகத்தை இன்னொரு தடவை இறுக்கினார்.

"'சரி, பாவம், எழுப்பாத'ன்னுட்டு எறங்குனாங்க."

காற்று மறுபடி அடித்தது. கண்ணாடிக்குள் சுடர் அசையாமல் நின்றது. மேல்விளிம்பில் மெல்லக் கரி ஏறத் தொடங்கியது. துடைக்கிற துண்டு அவர் தோளிலேயே கிடந்தது.