இரண்டு வேலைகளுக்கு நடுவில்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓர் அலுப்பான கேள்வியிலிருந்து. நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்த அக்கா, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் என் சமையலறையில் உட்கார்ந்தாள்.

"நாலு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேக்கறாங்கடி. ஜெயில்ல இருந்தேன்னு நெனச்சுட்டாங்களோ என்னவோ."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியதும் கணினியைத் திறந்தேன். எழுதுகிறவளைத் தங்கையாகப் பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு.

2.

முதல் தொடக்கம்: "வண்ணங்களின் மொழி அறிந்த அவள் விழிகளில் இன்று—" வேண்டாம். காலண்டர் வாசகம்.

இரண்டாவது: "வேலையில்லாத ஒரு பெண்—" இதுவும் வேண்டாம். அந்த நான்கு வருடமும் அக்காவுக்கு வேலை இல்லாமல் இருந்ததே இல்லை. சம்பளம்தான் இல்லை.

நேராகவே சொல்கிறேன். பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் பொருத்துவது அக்காவின் தொழில். யாராவது ஒரு பழைய கதவுத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தால், அச்சு அசலாக அதே நிறத்தைக் கலந்து தர வேண்டும். பாதியைக் கருவி சொல்லும். மீதியைக் கண்தான் சொல்ல வேண்டும். நல்ல பெயரோடு இருந்தவள், ஒருநாள் ராஜினாமா கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். காரணம், அவளுடைய பிள்ளை.

(பிள்ளை என்றுதான் எழுதப் போகிறேன். மகனா மகளா என்று சொல்வதில்லை என வாக்குக் கொடுத்திருக்கிறேன். தமிழில் இது லேசுப்பட்ட காரியமில்லை. வாக்கியம் முடிகிற இடத்தில் வினைச்சொல் போட்டுக் கொடுத்துவிடும். 'பிள்ளை வந்தது, பிள்ளை போனது' என்று அஃறிணைக்குள் ஒளிந்துகொள்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3.

பள்ளிப் படிப்பு முடிகிற சமயத்தில் பிள்ளை வெளியே போவதை நிறுத்தியது. முதலில் பள்ளிக்கு, பிறகு கடைக்கு, பிறகு வாசலுக்கே. கதவைத் திறந்தாலே மூச்சு முட்டியது, உள்ளங்கை வேர்த்தது. மருந்து எழுதிய மருத்துவர், "கூடவே ஒருத்தர் இருக்கணும். அவசரப்படுத்தாம" என்றார். அத்தானுக்குக் கப்பலில் வேலை. அக்கா இருந்தாள்.

கதவுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சில வாரம் கழித்து நாற்காலி கதவுக்கு வெளியே போனது. பிறகு மாடிப்படித் திருப்பத்துக்கு. ஒருமுறை தெருமுனை வரை போய்விட்டு, ஏதோ ஒரு வண்டியின் ஹாரனுக்கு மிரண்டு ஓடிவந்து, மறுபடியும் உள்பக்கம். அந்த நாட்களில் அக்கா எவ்வளவு தனியாக—

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டதற்கான காரணம் ஐந்தாம் பகுதியில்.)

இப்போது பிள்ளை பேருந்தில் கல்லூரிக்குப் போய் வருகிறது. ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை வேறு போடுகிறதாம்.

இவ்வளவையும்தான் அக்கா சொல்ல மறுத்தாள்.

4.

முதல் நேர்முகத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்றாள். "அப்படின்னா?" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டாவதற்கு நான் ஒரு பொய் தயாரித்துக் கொடுத்தேன். (கதை எழுதுகிறவளிடம் வேறென்ன கிடைக்கும்?) வீட்டிலிருந்தபடியே உள்ளலங்கார ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாள் என்று. கடைசியாக எந்த வீட்டுக்குச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவசரத்தில் என் வீட்டை வர்ணித்திருக்கிறாள். சுவர் என்ன நிறம் என்றதும் தொழில் புத்தி முந்திக்கொண்டது. "அழுக்குப் பழுப்பு. நானா இருந்தா அடிச்சிருக்கவே மாட்டேன்."

அதோடு முடிந்தது.

"உன் கதையை இனிமே நீயே வச்சுக்க" என்றாள் வந்து.

5.

அன்று பிள்ளையும் கூட இருந்தது.

"என்னாலதான்னு சொல்லிடும்மா. எனக்கொண்ணும் வெக்கமில்ல."

"உனக்கு இல்லாம இருக்கலாம். எனக்கு வேலை வேணுங்கறதுக்காக உன்னைத் தூக்கி அவங்க மேசை மேல வைக்க முடியாது" என்றாள் அக்கா.

"அப்ப சித்தி மட்டும் எழுதறாங்க?"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். (இந்த வரியை அடித்தேன். பிறகு திரும்பச் சேர்த்தேன்.)

"நீ வேணாம்னா எழுதல" என்றேன்.

பிள்ளை யோசித்தது. "எழுதுங்க. ஆனா நான் யாருன்னு தெரியக்கூடாது. அப்புறம், அம்மாவைப் பாவம் மாதிரி எழுதாதீங்க சித்தி. என்னை என்னமா திட்டியிருக்காங்க தெரியுமா?"

"எப்போ திட்டினேன்?"

"தெருமுனையில. நான் ஓடிவந்தப்ப."

அக்கா மறுக்கவில்லை. "பயந்துட்டேன்" என்றாள்.

6.

மூன்றாவது தொழிற்சாலையில், நரைத்த தலையோடு இருந்த பெண் மேலாளர் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. கூட இருந்தேன். இப்ப நல்லாயிட்டாங்க" என்றாள் அக்கா. "அதுக்கு மேல அது என் கதை இல்ல மேடம். நான் சொல்லக் கூடாது."

மேலாளர் எழுந்து, ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், பெயிண்ட் அடித்த இரண்டு தகடுகளைக் கையில் கொடுத்தார். "ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். விளக்கடியில் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள்.

"முன்னாடின்னா பட்டுனு சொல்லியிருப்பேன். இப்ப சந்தேகமா இருக்கு. இதுல கொஞ்சம் மஞ்சள் தூக்கலா இருக்கோன்னு தோணுது. கண்ணு பழகக் கொஞ்ச நாள் ஆகும்."

7.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் மேலாளர் "எப்ப சேர்றீங்க?" என்கிறார், அக்காவின் கண் கலங்குகிறது, உங்களுக்கும் கலங்கும். மற்றதில் "சொல்லி அனுப்பறோம்" என்கிறார். யதார்த்தமான கதை என்று என்னைப் பாராட்டுவீர்கள். நடந்தது எது என்று எனக்குத் தெரியும். அதைப் போடட்டுமா என்று அக்காவைக் கேட்டேன்.

"வேணாம். படிக்கிறவங்க அந்தம்மா இடத்துல நின்னு பாக்கட்டும்" என்றாள்.

எனவே மேலாளரைக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன். அவர் நின்ற இடத்தில் இப்போது நீங்கள். தகடுகளை உங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்கள்.